புளி அடைத்த கக்கூஸ்

1

இன்றோடு பத்தொன்பது நாள். இங்கிலாந்தில் இருக்கும் என் வீட்டு மாடியில் தண்ணீர் இல்லை.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். எழுபத்து மூன்றில் நர்ஸ் வேலைக்கு இங்கே வந்ததிலிருந்து நான் அனுப்பிய போட்டோக்களில் நீங்கள் பார்த்ததெல்லாம் தரைவிரிப்பும் பூச்சாடியும்தானே. அந்தப் பூச்சாடிக்குப் பின்னால் இருந்த சுவர் ஊறிப்போய் இருந்ததை நான் யாருக்கும் சொல்லவில்லை.

இங்கே பழைய வீடுகளில் சமையலறை கீழே, குளிக்கும் அறையும் கக்கூஸும் மாடியில். எங்கள் வீட்டில் நடுவே பதிமூன்று படி. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைக் கூரையிலிருந்து நேராகப் புளிக்குழம்புக்குள் தண்ணீர் சொட்டியது. மேலே போய்ப் பார்த்தால் குளிக்கும் தொட்டிக்கு அடியில் பலகை உளுத்துப்போயிருக்கிறது. டெரிக் என்று ஒரு குழாய்க்காரரைக் கூப்பிட்டோம். வந்தார், பலகையைப் பெயர்த்தார், உள்ளே இருப்பது ஈயக் குழாய், உடம்புக்கு ஆகாது, எல்லாவற்றையும் மாற்றவேண்டும் என்றார். மாடிக்குப் போகும் தண்ணீரை அடைத்தார். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் ஒன்பது நாள் கழித்து வந்தார். நாளைக்கு என்ற சொல் எங்கள் மலையடிவாரத்து ஒடுகத்தூர் மேஸ்திரிகளுக்கு மட்டும் சொந்தம் என்று நான் இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டேன்.

கீழே குழாயில் தண்ணீர் வருகிறது. மேலே கக்கூஸ் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் வாளியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றவேண்டும். வீட்டில் நான், பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், பன்னிரண்டு வயது மகள் கவிதா. மூன்று பேர் போகிற இடத்துக்குத் தண்ணீர் தூக்குகிறவள் ஒருத்தி. யார் என்று சொல்லத் தேவையில்லை.

எனக்கு வருகிற ஆத்திரத்தில் டெரிக்குக்கு ஒரு பங்கு உண்டு. ஆனால் அவரைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. எங்கள் ஜவ்வாது மலையில் நான் கட்டிக் கொடுத்த கக்கூஸைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒரு வருஷமாக அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறேன். அது அந்தக் கக்கூஸால் வந்தது.

2

ஒடுகத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி மலைப் பக்கம் நடந்தால் எங்கள் ஊருக்கு முக்கால் நாள் ஆகும். இருபது இருபத்தைந்து வீடு. சாமை விதைப்போம், புளியை உலுக்கிக் கீழே கொண்டுபோய் விற்போம். எண்பத்தொன்றில் நான் லீவில் போனபோது அண்ணி பச்சையம்மா நடக்க முடியாமல் நடந்துகொண்டிருந்தார். ஒரு கையை அடிவயிற்றில் அழுத்திக்கொண்டே எல்லா வேலையும் செய்தார். என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்றார். நான் நர்ஸ் இல்லையா, ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டு அதட்டிக் கேட்டேன். அடி இறங்கிவிட்டது என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். கர்ப்பப்பை இறக்கம். மூன்றாவது பிள்ளை செத்துப் பிறந்து பத்தாம் நாளே களத்தில் இறங்கி வேலை செய்திருக்கிறார். நாலு வருஷமாக யாருக்கும் தெரியாது. அண்ணனுக்குத் தெரியும், ஆனால் அது பெண்டுகள் சமாச்சாரமாம்.

வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆபரேஷன் செய்து தைத்தார்கள். டாக்டரம்மா மூன்று விஷயம் சொன்னார். குத்துக்காலிட்டு உட்காரக் கூடாது. மேடு பள்ளம் ஏறி இறங்கக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. மீறினால் மறுபடி இறங்கும், இரண்டாம் தடவை தைப்பது கஷ்டம் என்றார்.

அண்ணி இங்கிலீஷ் டாக்டரம்மாவைப் பார்த்துப் பயந்து தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஆகையால் வெளியே வராந்தாவில் அண்ணனை நிறுத்தி நான்தான் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். சாமை மூட்டை, விறகுக் கட்டு, புளிக்கூடை எதையும் இவர் தொடக் கூடாது என்றேன். எங்கள் ஊரில் எல்லோரும் வெளிக்குப் போவது ஓடைச் சரிவில். அந்தச் சரிவில் இனி இவர் இறங்கக் கூடாது, வீட்டை ஒட்டி ஒரு கக்கூஸ் கட்டவேண்டும், அதுவும் நாற்காலி மாதிரி உட்காருகிற மேல்நாட்டுப் பீங்கானாக இருக்கவேண்டும் என்றேன். நானே கட்டித் தருகிறேன் என்றும் சொன்னேன். அண்ணன் சரியென்றார். அவர் எதற்குமே இல்லை என்று சொன்னவர் இல்லை.

வேலூரில் வாங்கிய முதல் பீங்கான் பஸ் மேலேயே விரிசல் விட்டது. இரண்டாவதை வைக்கோலில் சுற்றி, கம்பில் கட்டி, இரண்டு ஆள் தோளில் தூக்கிக்கொண்டு மலையேறினார்கள். பாதி வழியில் ஒரு வனத்துறைச் சோதனைச் சாவடி. அங்கே இருந்த காவலருக்குத் தன் நோட்டில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியவில்லை. மலையிலிருந்து இறங்குகிற சாமானுக்குத்தான் நோட்டில் கட்டம் இருந்தது, ஏறுகிற சாமானுக்கு இல்லை. ஒரு மணி நேரம் யோசித்துவிட்டு, வெள்ளைப் பானை ஒன்று, சொந்த உபயோகத்துக்கு, என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். நான் அன்றைக்குச் சிரித்தேன். இப்போது யோசித்தால் அந்த மனுஷன் ஒருவர்தான் நிதானமாக யோசித்திருக்கிறார்.

3

குழி தோண்டினால் கை ஆழத்தில் பாறை. தோட்டா வைத்து உடைக்க ஆள் வந்தார்கள், பக்கத்து வீட்டு ஓடு நாலு விழுந்தது, அந்த வீட்டுக்காரி என்னை வாய்க்கு வந்தபடி பேசினாள். வாசலைக் கிழக்கே வைத்துக் கட்டி முடித்த பிறகு ஊர் நாட்டாண்மைக்காரர் வந்து நின்றார். கதவைத் திறந்தால் நேராக மாரியம்மன் கோயில் தெரிகிறது, ஆத்தா எப்படிப் பொறுப்பாள் என்றார். மேற்கே மாற்றினோம். மேற்கே ஊர்ப் பாதை. போகிற வருகிறவர்கள் எல்லோருக்கும் யார் உள்ளே போகிறார்கள் என்று தெரிந்தது. அதை மறைக்க ஒரு படல் கட்டினோம்.

மேஸ்திரி ஒடுகத்தூர்க்காரர். இந்த மாதிரிப் பீங்கானை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை, ஆனால் அதைச் சொல்லவும் மாட்டார். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பொருளைத் தரையில் வைப்பதா என்று இரண்டு படி கட்டி அதற்கு மேல் ஏற்றி வைத்தார். அண்ணி உட்கார்ந்து பார்த்துவிட்டு, கால் எட்டவில்லை என்று கூச்சத்தோடு வந்து சொன்னார். இடித்தோம். அடியில் இருக்கவேண்டிய வளைவுக் குழாயை, வளைந்திருக்கிறதே, கோணலாக இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று கழற்றி வைத்துவிட்டு நேர்க் குழாயைப் பொருத்தினார். நாற்றம் திண்டாடவைத்தது. மறுபடி இடித்தோம். நான் கத்திய கத்தலில் மேஸ்திரி ஒரு நாள் கரண்டியைப் போட்டுவிட்டு மலை இறங்கிப் போனார். அவரைச் சமாதானம் செய்து கூட்டிவர அண்ணன் ஒடுகத்தூர் வரைக்கும் போகவேண்டியிருந்தது.

கடைசியில் முடிந்தது. சிமெண்டுத் தரை, சிமெண்டுத் தொட்டி, தகரக் கதவு, பூட்டு. வீட்டிலேயே தரை வழவழப்பாக இருந்த அறை அது ஒன்றுதான். என் லீவு முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள். புளி எடுக்க வரும் கண்ணமங்கலம் வியாபாரியை அண்ணன் உள்ளே அனுப்பி வைத்தார். பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். நாட்டாண்மைக்காரரே வந்தார், ஆத்தா பொறுத்துக்கொண்டாள். வந்தவர்கள் எல்லோரும் வெளியே வரும்போது என்னைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்கள்.

நான் அவ்வப்போது போய்ப் பார்ப்பேன். துடைத்து வைத்த மாதிரி இருக்கும். தொட்டியில் தண்ணீர் விளிம்பு வரைக்கும் நிற்கும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் சொந்தக்காரர்கள் சுத்தத்தைக் கற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று விமானத்தில் பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மாளிடம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

4

இங்கே பழைய ஈயக் குழாயை மாற்ற நகராட்சி உதவி கிடைக்கும் என்று டெரிக் சொன்னார். போய் நின்றேன். ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் ஒரு கேள்வி: வீட்டுக்குள் கக்கூஸ் இருக்கிறதா, ஆம் அல்லது இல்லை. இருக்கிறது, ஆனால் தண்ணீர் இல்லை என்று எழுத இடமில்லை. உண்மையைச் சொல்கிற பழக்கத்தில் ஆம் என்ற கட்டத்தில் கோடு போட்டேன். அப்படியானால் அவசரம் இல்லை என்று என் படிவத்தை வேறொரு தட்டில் வைத்துவிட்டார்கள். ஆய்வாளர் வந்து குழாயைக் கண்ணால் பார்க்கிறவரைக்கும் டெரிக் கை வைக்கக் கூடாதாம். கை வைக்காமல் இருப்பதில் டெரிக்குக்கு எந்தக் கஷ்டமும் இல்லை.

நான் படிவத்தை வாங்கிய பெண்ணிடம், கக்கூஸ் இருப்பது பெரிதில்லை, அதற்குத் தண்ணீர் யார் கொண்டுபோவது என்று கேட்டேன். என் இங்கிலீஷ் கோபம் வந்தால் மலையேறிவிடும், வார்த்தைகள் முன்பின்னாக வரும். அவள் மிகவும் பொறுமையாக, அந்தக் கேள்வி படிவத்தில் இல்லை என்றாள்.

கவிதா குளிப்பதற்கு நாலு வீடு தள்ளி இருக்கும் சினேகிதி வீட்டுக்குப் போகிறாள். அவர்கள் வீட்டுக் குளியலறை ரோஜா நிறமாம். குளித்துவிட்டு அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே பாடம் எழுதிவிட்டு, வேறு யாருடைய சோப்பு வாசனையோடோ வீட்டுக்கு வருகிறாள். அவளோடு தமிழில் பேசினால் இங்கிலீஷில் பதில். நானும் விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து பிள்ளையோடு மொழிக்காகச் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

வீட்டுக்காரர் தொழிற்சாலையில் மாவு மூட்டை ஏற்றி இறக்குகிறவர். வீட்டுக்கு வந்தால் முதுகு வலி வந்துவிடும். ஒருநாள் நான் வாளியோடு படியேறும்போது, எனக்கும் சேர்த்து இன்னொரு வாளி வைத்துவிடு என்று செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சொன்னார்.

5

எண்பத்தைந்தில் மறுபடி லீவு. மலையேறி வீட்டுக்குப் போனதும் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் நான் பார்க்கப்போனது அந்தக் கக்கூஸைத்தான். கதவில் பூட்டு. சந்து வழியாக எட்டிப் பார்த்தால் உள்ளே கும்மிருட்டு, புளி வாசம். புளி உலுக்கி முடிந்த பருவம் அது. மூங்கில் கூடை கூடையாகப் புளி கூரை வரைக்கும் அடைத்திருக்கிறது. பீங்கானின் வெள்ளை விளிம்பு இரண்டு கூடைக்கு நடுவே கொஞ்சம் தெரிந்தது.

அதற்குள் அண்ணி ஓடைச் சரிவிலிருந்து மேலே ஏறி வந்தார். ஒரு கையில் சொம்பு. மற்றொரு கை அடிவயிற்றில்.

அப்புறம் நான் பேசியதை எல்லாம் இங்கே எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. அப்பா உட்கார்ந்திருந்தார், அக்கம்பக்கத்துக்காரர்கள் கூடிவிட்டார்கள். களத்திலிருந்து வந்த அண்ணனை வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன்.

"பொண்டாட்டி உசுரைவிட உனக்குப் புளி பெருசாப் போச்சா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "எங்கிட்ட இன்னாத்துக்குக் கேக்குற? வூட்ல கேளு," என்றார்.

அது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. செய்வதையும் செய்துவிட்டுப் பழியைப் பெண்டாட்டி மேல் தள்ளுகிறாரே என்று நினைத்தேன். நாய்க்கு நல்ல சோறு போட்டாலும் என்று ஆரம்பித்து அண்ணனை ஊர் முன்னால் என்னென்னவோ சொன்னேன். மலையில் இருக்கிறவர்களுக்கு எதைக் கொடுத்தாலும் இப்படித்தான் என்றும் சொன்னேன். நான் பிறந்த மலையில் நின்றுகொண்டு, நாட்டாண்மைக்காரர் காதில் விழ, அப்படிச் சொன்னேன். அந்த வீட்டில் கை நனைக்காமல் மறுநாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கொண்டுபோன ஸ்வெட்டர்களையும் சாக்லேட்டையும் அப்பா காலடியில் வைத்துவிட்டு வந்தேன்.

பாதை கீழே இறங்கத் தொடங்கும் இடம் வரைக்கும் அண்ணி பின்னாலேயே வந்தார். யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு பேசினார்.

"சரோஜா, அவரத் திட்டாதம்மா. பூட்டு நான் போட்டது. புளியையும் நாந்தான் அடைக்கச் சொன்னேன். பாரு, சாவி எங்கிட்டதான் கீது."

இடுப்பில் சொருகியிருந்த சேலைத் தலைப்பை அவிழ்த்துச் சாவியைக் காட்டினார். நான் அதைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை.

"புருசனைக் காப்பாத்தறதுக்காகப் பொய் சொல்லாதீங்க அண்ணி. உங்களைப் போல ஆளுங்க இருக்கிற வரைக்கும் அவங்க இப்படித்தான் இருப்பாங்க," என்றேன்.

அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சாவியை மறுபடி முடிந்துகொண்டு, "பாத்துப் போம்மா. கல்லு வழுக்கும்," என்று மட்டும் சொன்னார்.

இங்கிலாந்து வந்த பிறகு அண்ணன் இரண்டு கடிதம் போட்டார். இரண்டுக்கும் நான் பதில் எழுதவில்லை.

6

நேற்று சாயங்காலம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மாடியிலிருந்து கவிதா குரல் கொடுத்தாள்.

"அம்மா, வாளி காலி."

மூன்று மாதத்தில் என் மகள் வாயிலிருந்து வந்த முதல் தமிழ் அது.

வாளியை நிரப்பிக்கொண்டு ஏறினேன். ஏழாவது படியிலோ எட்டாவது படியிலோ அடிவயிற்றில் ஒரு இழுப்பு. நின்றேன். எந்தத் தசை, ஏன் இழுக்கிறது என்று எனக்குத் தெரியும், அதற்கு எந்த வார்டில் எத்தனை பெண்கள் படுத்திருக்கிறார்கள் என்றும் தெரியும். என்னையறியாமல் ஒரு கை வாளியை விட்டு அடிவயிற்றுக்குப் போயிருந்தது. அந்தக் கையைப் பார்த்தேன். அது அண்ணியின் கை.

கீழேயிருந்து வீட்டுக்காரர், அடுத்தது நான் போகணும், சீக்கிரம் ஊற்று என்றார்.

வாளியை அந்தப் படியிலேயே கவிழ்த்தேன். தண்ணீர் தரைவிரிப்பெல்லாம் வழிந்து கடைசிப் படி வரைக்கும் போயிற்று. அவர் காலுறை நனைந்துபோய் நிமிர்ந்து பார்த்தார். கவிதா மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உங்களுக்குக் கை இல்லையா, கால் இல்லையா, இந்த வீட்டில் இனி அவரவர் தண்ணீரை அவரவர் தூக்குங்கள் என்று தமிழில் கத்தினேன். கவிதாவுக்கு அது நன்றாகவே புரிந்தது.

பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஊர்க் கடிதங்கள் வைத்திருக்கும் பெட்டியைத் திறந்தேன். எண்பத்திரண்டில், கக்கூஸ் கட்டி ஏழெட்டு மாதம் கழித்து, அண்ணன் எழுதிய கடிதத்தைத் தேடி எடுத்தேன். அதில் இப்படி இருக்கிறது: "நீ கட்டிக் கொடுத்த பாத்ரூம் நன்றாக இருக்கிறது. தினமும் ஆட்கள் வந்து போகிறார்கள். உன் அண்ணிக்கு மறுபடி அடிவயிறு இழுக்கிறது என்கிறாள்." இரண்டும் அடுத்தடுத்த வரி. அன்றைக்கு நான் முதல் வரியைப் படித்துச் சந்தோஷப்பட்டேன், அடுத்த வரியைப் படித்துக் கவலைப்பட்டேன். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் சம்பந்தம் உண்டென்று நர்ஸ் படிப்புப் படித்த இந்த மண்டைக்கு உறைக்கவில்லை.

எங்கள் ஊரில் குழாய் கிடையாது. கிணறு ஊருக்குக் கீழே, பள்ளத்தில். ஓடைக்குப் போகிறவருக்கு ஒரு சொம்புத் தண்ணீர் போதும். நான் வாங்கி ஏற்றிய பீங்கானுக்கு ஆள் ஒன்றுக்கு முக்கால் குடம் வேண்டும். அண்ணனுக்கு, அப்பாவுக்கு, லீவில் விடுதியிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு, புளி வியாபாரிக்கு, வாத்தியாருக்கு, ஆத்தாவிடம் அனுமதி வாங்கிய நாட்டாண்மைக்காரருக்கு. அந்தப் பன்னிரண்டு நாளும் விளிம்பு தட்டி நின்றதே தொட்டி, அதை நிரப்பியது யார் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிற நாட்டில் எட்டு வருஷம் இருந்தவளுக்குத் தொட்டி தானாக நிரம்பும் என்றுதான் தோன்றியிருக்கிறது.

வேலூர் ஆஸ்பத்திரி வராந்தாவும் ஞாபகம் வந்தது. பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதை நான் எப்படிச் சொன்னேன்? மூட்டை, விறகுக் கட்டு, கூடை. குடம் என்று சொல்லவில்லை. மறந்துபோய் விடவில்லை. எங்கள் ஊரில் குடம் பாரத்தில் சேர்த்தி இல்லை. அது பெண்ணின் இடுப்பில் இருக்கவேண்டிய சாமான், அவ்வளவுதான். இங்கிலீஷில் பாஸ் செய்து கப்பலிலும் விமானத்திலும் போனவள் நான், என் வாயிலும் அது வரவில்லை.

அண்ணன் தூக்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் ஒரு ஆம்பளை தோளில் தண்ணீர்க் குடம் ஏறுவது ஒரே ஒரு நாள்தான், சுடுகாட்டில் பிணத்தைச் சுற்றி வருகிற நாள். நான் சின்னவளாக இருந்தபோது அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு, அப்பா ஒருநாள் குடத்தோடு கிணற்றடிக்குப் போய்விட்டார். யாரைக் கொளுத்தப் போறே என்று கேட்டுப் பெண்டுகளே அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சாக்கு அங்கே எல்லா ஆண்களுக்கும் வசதியாகப் போயிற்று. என் வீட்டுக்காரருக்கு இந்தச் சாக்குகூடக் கிடையாது. இங்கே குடமும் இல்லை, பிளாஸ்டிக் வாளிதான்.

அண்ணிக்கு மறுபடி இறங்க ஆரம்பித்திருக்கிறது. வந்து போகிறவர்களை வராதே என்று சொல்ல அண்ணியால் முடியாது. புருஷனையும் மாமனாரையும் ஓடைக்குப் போங்கள் என்று சொல்லவும் முடியாது. நாத்தனார் சீமையிலிருந்து வந்து கட்டிக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லவே முடியாது. புளி வைக்க இடமில்லை, அதில் வைக்கலாம் என்று சொல்ல முடியும். அதைச் சொல்லியிருக்கிறார். பூட்டைப் போட்டுச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். சரிவில் இறங்கி ஏறுவதும் ஆகாதுதான். ஆனால் அது நாளுக்கு ஒரு தடவை, ஒரு சொம்போடு. இரண்டில் எது கொஞ்சமாகக் கொல்லும் என்று யோசித்து அந்த அம்மாள் எடுத்த முடிவு அது. அதை என்னிடம் சொல்லவும் வந்தார். பொய் சொல்லாதீங்க என்று வாயை அடைத்தேன்.

அண்ணன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். வூட்ல கேளு என்று சொன்னாரே, அவருக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் தொட்டியிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினார். ஆனால் எனக்கு வந்த கோபத்தில் பெரிய பங்கு இப்போது என் பேருக்கே வந்து நிற்கிறது.

7

விடிவதற்கு முன்னால் எழுந்து இதுவரைக்கும் எழுதியிருந்தேன். காலையில் டெரிக் வந்தார். ஆய்வாளர் வருகிறாரோ இல்லையோ, எனக்கு இன்றைக்கே தண்ணீர் வேண்டும், உதவியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சுப் பேசாமல் மாடிக்குப் போனார். புதுக் குழாய் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட மூன்று மணி ஆயிற்று. பத்தொன்பது நாள் பொறுத்த வேலை அரை நாளில் முடிந்தது. வீட்டுக்காரர் மேலே போய்க் கக்கூஸ் சங்கிலியை இழுத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று சந்தோஷமாகக் கூப்பிட்டுச் சொன்னார். நேற்று ராத்திரியும் இன்று காலையும் அவரும் கவிதாவும் தங்கள் வாளியைத் தாங்களே தூக்கினார்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன். யாரும் செத்துப்போகவில்லை.

பிறகு ஊருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இத்தனை வருஷமும் கடிதத்தை அண்ணன் பேருக்குத்தான் எழுதியிருக்கிறேன், கடைசி வரியில் அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும் என்று போட்டு. இன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பச்சையம்மா அண்ணிக்கு என்று ஆரம்பித்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் பேசுகிற மாதிரியே எழுதினேன்.

"அண்ணி, நீங்க சொன்னது பொய்யில்ல. நான்தான் புத்தி கெட்டுப் பேசிட்டேன். மன்னிச்சிக்குங்க. சாவி உங்க இடுப்புலயே இருக்கட்டும். யாருக்கும் குடுக்காதீங்க. புளியை அண்ணனை எடுத்து வேற எங்கயாவது வெக்கச் சொல்லிட்டு, நீங்க மட்டும் அதுல போங்க. உங்களுக்கு வேண்டிய தண்ணிய தினம் அண்ணன் தூக்கிட்டு வரட்டும். தோள்ல வெக்கக் கூடாதுன்னா தலைமேல வெச்சிக்கட்டும். வேற யாரு வந்து கேட்டாலும், கையில ஒரு குடம் தண்ணி இருக்குதான்னு பாருங்க. இருந்தா தொறங்க. இல்லாட்டி ஓடைக்குப் போகச் சொல்லுங்க. நாட்டாண்மையா இருந்தாலும் சரி. நானே வந்து நின்னாலும் சரி."

அப்பாவுக்கு எழுத்து தெரியாது, பிள்ளைகள் இருவரும் கீழே விடுதியில் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவர் அண்ணன் ஒருவர்தான். கடிதம் வந்தால் வாசலில் உட்கார்ந்து, அக்கம்பக்கத்தார் நாலு பேரும் கேட்கிற மாதிரி உரக்கப் படிப்பது அவர் வழக்கம். இதையும் அவர்தான் படிக்கவேண்டும். படிக்கட்டும்.